பீப்பாய்க்கு வெளியே

"சத்தம் வராம சொல்ல முடியாதா, ஆசானே?"

கேட்டவன் துவார்த்தே. கேட்டதே பாதிக் குரலில்தான்.

அசரியா ஆசான் காதுக்குப் பின்னால் கையை வைத்தார். "என்ன கேட்டீங்க?"

துவார்த்தே வாசலைப் பார்த்தான். ஜன்னலைப் பார்த்தான். பிறகு மறுபடியும் கேட்டான்.

"அந்த ஜெபத்தை. மனசுக்குள்ளேயே சொல்லிட்டா ஆகாதா?"

"மனசுக்குள்ளே சொல்ற ஜெபம் எத்தனையோ இருக்கு. அதையெல்லாம் தாராளமா சொல்லுங்க. கதீஷ் அப்படி இல்லை. செத்துப் போனவங்களுக்காக உயிரோட இருக்கிறவர் எழுந்து நின்னு சொல்றது. கூடியிருக்கிற பத்துப் பேர் அதைக் கேட்கணும். கேட்டு, ஆமென் சொல்லணும்."

"கேட்காமலே ஆமென் சொன்னா?"

"எதுக்கு ஆமென்? சுவத்துக்கா?"

துவார்த்தேயின் சட்டை வேர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. ஜன்னல்களை அவன்தான் வந்ததும் வராததுமாகச் சாத்தியிருந்தான்.

ஆசான் எழுந்து போய் ஒவ்வொன்றாகத் திறந்தார்.

*

கொச்சி ராஜாவின் அரண்மனையை ஒட்டி யூதத் தெரு. தெருக்கோடியில் ஜெப ஆலயம். அதன் வாசலுக்கு மேலே இருக்கும் மாடி அறையில்தான் அசரியா ஆசான் பிள்ளைகளுக்கு எபிரேய எழுத்தும் ஜெபமும் சொல்லிக் கொடுத்தார்.

துவார்த்தே பிள்ளை இல்லை. நாற்பதைத் தாண்டியவன். ஆசானைவிட மூத்தவன்.

கோவாவிலிருந்து வந்தவன். அங்கே பீப்பாய் செய்துகொண்டிருந்தான். அவன் குடும்பத்துக்குத் தாத்தா காலத்திலேயே ஞானஸ்நானம் ஆகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் போவார்கள். வெள்ளிக்கிழமை கதவைச் சாத்திக்கொண்டு யூதர்களாக இருப்பார்கள். பரங்கியர் ஆளும் கோவாவில் அது குற்றம். மத விசாரணைக்காரர்கள் கொண்டுபோன ஆள் வீடு திரும்புவதில்லை.

அவன் மனைவி வியொலாந்தேயைக் கொண்டுபோனார்கள். சிறையிலேயே இறந்தாள்.

துவார்த்தே மிளகுப் படகில் சாக்குகளுக்கு நடுவே படுத்துக் கொச்சிக்கு வந்து சேர்ந்தான். வருகிற வெள்ளிக்கிழமை அவளுக்கு வருஷ நாள். அன்று மாலை அவன் எழுந்து நின்று கதீஷ் சொல்ல வேண்டும். சொல்வதற்கு அவளுக்கு வேறு யாரும் இல்லை.

யூதத் தெருவில் ராஜாவின் சொல் நடக்கும். ஆனால் கூப்பிடு தூரத்தில் கடலோரமாய்ப் பரங்கிக் கோட்டை. ஞானஸ்நானம் வாங்கிக்கொண்டு யூதனாய்த் திரும்பியவன் இங்கே இருக்கிறான் என்று அவர்களுக்குத் தெரிந்துவிட்டால், தெருவுக்கு வெளியே அவன் கால் வைக்கும் வரை காத்திருந்தால் போதும்.

*

துவார்த்தேக்கு எபிரேயத்தில் தெரிந்திருந்தது அவன் அப்பா சொல்லிக் கொடுத்த ஓர் ஆசி மட்டும்தான். வெள்ளிக்கிழமை மாலை கிண்ணத்தைக் கையில் ஏந்திச் சொல்வது. அதிலும் பாதி எபிரேயம், பாதி போர்த்துகீசு. துவைத்துத் துவைத்து வெளுத்த துணி மாதிரி இருந்தது.

முதல் நாள் அதைச் சொல்லிக் காட்டியபோது பிள்ளைகள் சிரித்தார்கள். ஆசான் சிரிக்கவில்லை.

"இதை நான் திருத்த மாட்டேன்," என்றார். "இது இப்படியே இருக்கட்டும். மத்ததைப் புதுசா படிப்போம்."

முதல் எழுத்தைப் பலகையில் எழுதி, அதன்மேல் தேன் தடவி, நக்கச் சொல்வது அங்கே வழக்கம். படிப்பு இனிக்க வேண்டுமாம். துவார்த்தேயும் நக்கினான்.

"மாமா தாடியிலே தேன்! எறும்பு வரப் போகுது!"

பிள்ளைகள் உருண்டு சிரித்தார்கள். அவன் தாடியைத் துடைத்துக்கொண்டு அடுத்த எழுத்துக்குப் போனான்.

எழுத்து வந்தது. வாசிக்க வந்தது. குரல் மட்டும் வரவில்லை. உதடு அசையும். கை தானாக எழுந்து வாயை மறைத்துக்கொள்ளும். மாடிப்படியில் காலடி கேட்டால் புத்தகம் சட்டைக்குள் போய்விடும்.

அந்தக் காலடி பெரும்பாலும் ஆசானின் மனைவி நவோமியாக இருக்கும். மோர் கொண்டு வருவாள்.

"என்ன அண்ணா, மீன் மாதிரி வாயை மட்டும் திறந்து திறந்து மூடறீங்க? உள்ளே கொஞ்சம் தண்ணி விடட்டுமா?"

"நவோமி," என்றார் ஆசான்.

"நீங்க சும்மா இருங்க. மீனாவது ஒரு குமிழி விடும்."

துவார்த்தே சிரித்தான். சிரிப்பிலும் சத்தம் இல்லை.

*

கதீஷின் முதல் வார்த்தையில் ஆசான் விரலை வைத்தார்.

"யித்கதல்."

துவார்த்தேயின் உதடு அசைந்தது. "அர்த்தம்?"

"பெரிதாகட்டும். ஆண்டவருடைய பெயர் பெரிதாகட்டும்."

"வியொலாந்தே பெயர் எந்த இடத்திலே வருது?"

"வராது."

"செத்துப் போனவங்களைப் பத்தி?"

"அதுவும் ஒரு வார்த்தை கிடையாது."

"அப்போ எப்படி இது அவளுக்கான ஜெபம்?"

"நீங்க எழுந்து நின்னா."

ஆசான் விரலை எடுக்கவில்லை. "எங்கே, சொல்லுங்க."

துவார்த்தே சொன்னான். அறைக்குள் இருந்த ஈயின் சத்தம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

"பெரிதாகட்டும்கிறதை இவ்வளவு சின்னதா சொன்ன ஆளை நான் பார்த்ததில்லை," என்றார் ஆசான். பிறகு, ஏதோ நினைவு வந்தவராய்ச் சொன்னார்: "இன்னொண்ணு தெரிஞ்சுக்குங்க. ஆமென் சொல்றவங்க குரல், ஜெபம் சொல்றவர் குரலை மிஞ்சக் கூடாது. அது மரியாதை. நீங்க எவ்வளவு குரல் கொடுக்கறீங்களோ, அவ்வளவுதான் நாங்க திருப்பிக் கொடுக்கலாம்."

துவார்த்தேயின் முகம் மாறியது.

"மிஞ்சினா?"

"மிஞ்சக் கூடாது."

"மிஞ்சினா என்ன ஆகும்?"

"ஒண்ணும் ஆகாது. மரியாதைக்காகச் சொல்றதுதான்..."

"ஆகும்," என்றான் துவார்த்தே.

புத்தகத்தை மூடி முத்தமிட்டுவிட்டுப் படியிறங்கிப் போனான்.

*

பழகிப் பார்க்கட்டும் என்று ஒரு மாலை ஆசான் அவனை ஜெப ஆலயத்தில் எழுப்பி நிறுத்தினார். அங்கே எல்லோரும் வெறுங்காலோடுதான் நிற்பார்கள். தேங்காயெண்ணெய் விளக்குகள் கண்ணாடிக் கிண்ணங்களில் எரிந்துகொண்டிருந்தன.

துவார்த்தே எழுந்தான். உதடு அசைந்தது.

எல்லோரும் காத்திருந்தார்கள்.

உதடு அசைந்துகொண்டே இருந்தது.

"ஆரம்பிச்சாரா?" என்று பின்வரிசையில் ஒருவர் கேட்டார்.

"முடிச்சிட்டார்னு நினைக்கிறேன்."

"அப்போ ஆமென் சொல்லணுமா?"

"எனக்கென்ன தெரியும்? நீ சொல்லு, நான் பின்னாடியே சொல்றேன்."

ஒருவர் தப்பான இடத்தில் ஆமென் சொன்னார். அது அந்த அமைதியில் பெரிதாகக் கேட்டது. துவார்த்தேக்கு உடம்பு தூக்கிப் போட்டது. ஆமென் சொன்னவரை அவன் திரும்பிப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. அந்த மனிதர் கிணற்றுக்குள் விழப்போவதைப் பார்ப்பது போல் பார்த்தான்.

பிறகு உட்கார்ந்துவிட்டான்.

*

கஸ்பார் கோட்டைக்காக மிளகு வாங்க வருகிறவன். நாலு மொழி பேசுவான். எல்லோருக்கும் வணக்கம் சொல்வான். பிள்ளைகளுக்குச் சர்க்கரைக் கட்டி கொடுப்பான். அவன் வந்து போனால் கொஞ்ச நாளில் யாராவது ஒருவர் காணாமல் போவார்.

அந்த வாரம் அவன் மிளகு மண்டியில் உட்கார்ந்து இளநீர் குடித்தபடியே கேட்டான்.

"கோவாவிலேருந்து ஒரு பீப்பாய்க்காரன் இந்தப் பக்கம் வந்தானாமே?"

"பீப்பாய்க்காரனா? இங்கே யாருக்கு வேணும் பீப்பாய்?" என்றார் மண்டிக்காரர்.

"அதானே. வந்தா எனக்குச் சொல்லுங்க. பெயரை மாத்திக்கலாம், தாடி வளர்த்துக்கலாம். வாயைத் திறந்தா போதும், நான் கண்டுபிடிச்சிடுவேன். கோவாக்காரன் நாக்கு தனி."

மண்டியின் உள்ளே துவார்த்தே மிளகு புடைத்துக்கொண்டிருந்தான். கொச்சிக்கு வந்த நாளிலிருந்து அவன் பீப்பாய் வேலையைத் தொட்டதில்லை. மிளகு புடைக்கிறவன் என்றே சொல்லிக்கொண்டிருந்தான்.

முறத்தைக் கீழே வைத்தால் சத்தம் கேட்கும். கஸ்பார் இளநீரைக் குடித்து முடிக்கும் வரை அதைக் கையில் பிடித்தபடியே நின்றான்.

*

மறுநாள் அவன் மாடி அறைக்கு வந்தபோது பிள்ளைகள் போய்விட்டிருந்தார்கள்.

"என்னால முடியாது, ஆசானே."

"கஸ்பாருக்காகவா?"

"அவனை நினைச்சாலும் பயம்தான். ஆனா அது மட்டும் இல்லை."

துவார்த்தே சுவரோரமாக உட்கார்ந்தான்.

"எங்க பட்டறையிலே வாசலை ஒட்டி ஒரு பெரிய பீப்பாய் வெச்சிருந்தேன்," என்றான் துவார்த்தே. "வெள்ளிக்கிழமை பொழுது சாயும்போது அதுக்குள்ளே இறங்கிடுவேன். வியொலாந்தே மேலே ஈரச் சாக்கைப் போட்டு மூடுவா. உள்ளே குந்திக்கிட்டு அப்பா சொல்லிக் கொடுத்த ஆசியைச் சொல்வேன். அங்கேதான் எனக்குக் குரல் வரும். பீப்பாயே அதிரும். அவ வெளியே வாசல்ல நின்னு தெருவைப் பார்த்துக்குவா. நான் முடிச்சதும் ஆமென் சொல்வா."

"எப்படிச் சொல்வா?"

"சின்னதாத்தான். எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. ஒரு வெள்ளிக்கிழமை கூட அது என் காதிலே விழாம இருந்ததில்லை." அவன் நிறுத்தினான். "கடைசி வெள்ளிக்கிழமை கத்திட்டா. எதிர்வீட்டுக்காரி அதைக் கேட்டுட்டுப் போய்ச் சொல்லிட்டா. அவளைக் கொண்டுபோனப்போ நான் ஊரிலே இல்லை, பீப்பாய் கொடுக்கத் துறைமுகம் போயிருந்தேன். வந்து பார்த்தா வீடு திறந்து கிடந்தது."

"கத்தினாங்கன்னு எப்படித் தெரியும்?"

"கத்தாம எப்படித் தெருவைத் தாண்டிக் கேட்கும்? ஏதோ நினைப்பிலே மறந்து கத்தியிருக்கா. அவ்வளவு காலமா ஜாக்கிரதையா இருந்தவ, ஒரு நாள் மறந்துட்டா." அவன் குரல் கசந்தது. "மிஞ்சக் கூடாதுன்னு சொன்னீங்களே. அவ மிஞ்சினா. நான் சொன்னதுக்கு ஆமென் சொன்ன ஒரே ஆளை அவங்க கொண்டுபோயிட்டாங்க. இப்போ இங்கே பத்துப் பேரைச் சொல்லச் சொல்றீங்க."

ஆசான் அவன் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார்.

"நீங்க உள்ளே எவ்வளவு சத்தமா சொன்னீங்க?"

"சொன்னேனே. பீப்பாய் அதிரும்."

"வெளியே எவ்வளவு கேட்டது?"

துவார்த்தே யோசித்தான். "தெரியாது. நான் உள்ளேதானே இருந்தேன்."

"எனக்கு ஒரு பீப்பாய் செஞ்சு கொடுங்க," என்றார் ஆசான்.

*

"வேண்டாம் ஆசானே. சத்தம் கேட்கும்."

"சத்தமில்லாம செய்ய வருமா?"

துவார்த்தே முயன்று பார்த்தான்.

படகு கட்டுகிறவர்களிடம் பலகை செதுக்கும் வாய்ச்சியும் சுத்தியலும் இரவல் வாங்கினான். ஜெப ஆலயத்துக்குப் பக்கத்திலிருந்த ஆசான் வீட்டுக் கொல்லையில், மதிலோரமாக, பலாப்பலகைகளைச் சீவினான். சீவுகிற வரை அவ்வளவு சத்தம் இல்லை. நெருப்புக் காட்டி வளைப்பதிலும் இல்லை. இரும்பு வளையத்தை மாட்டி அடித்து இறக்கும்போதுதான் வம்பு. அது மணி மாதிரி ஒலிக்கும்.

சுத்தியல் தலையில் துணியைச் சுற்றிக்கொண்டு அடித்தான்.

வளையம் இறங்கவில்லை.

இன்னும் பலமாக அடித்தான். துணி கிழிந்தது. வேறு துணி சுற்றினான். பலகைகள் நடுவே இடைவெளி விட்டுக்கொண்டு, பல் விழுந்த வாய் மாதிரி நின்றன.

நவோமி சமையலறை வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதை அடிக்கிறீங்களா, தட்டிக் கொடுத்துத் தூங்க வைக்கிறீங்களா அண்ணா?"

அவன் மதிலைப் பார்த்தான். பலகைகளைப் பார்த்தான். கோணலாய் நின்ற அந்த வேலை அவனுக்கு வெட்கமாக இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு துணியை உருவி எறிந்தான்.

தெரு முழுக்க அந்த ஒலி கேட்டது.

வளையம் இறங்கியது.

*

வெள்ளிக்கிழமை காலை. பீப்பாய் ஆசான் வீட்டு வாசலில் தெருவைப் பார்த்து நின்றது. அவன் பட்டறையில் இருந்த அதே அளவு. அதே இடம், வாசலை ஒட்டி.

"உள்ளே யார், நானா?" என்றான் துவார்த்தே. அவன் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வந்திருந்தது. உள்ளே என்றால் அவனுக்குக் குரல் வரும்.

ஆசான் செருப்பைக் கழற்றினார். வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு தாமே பீப்பாய்க்குள் இறங்கினார்.

"ஆசானே!"

"உங்க அப்பா சொல்லிக் கொடுத்த ஆசியை, அவர் சொன்னபடியே நான் சொல்லப் போறேன். நான் முடிச்சதும் நீங்க ஆமென் சொல்லணும். சொல்ற வரைக்கும் வெளியே வர மாட்டேன்." அவர் குந்தி உட்கார்ந்தார். தலை மறைந்தது. "சாக்கைப் போடுங்க."

துவார்த்தே ஈரச் சாக்கை விரித்து மூடினான்.

வாசலில் நின்றான். தெரு தெரிந்தது. எதிர்வீட்டு ஜன்னல் தெரிந்தது. இஞ்சி மூட்டை ஏற்றிய வண்டி ஒன்று போனது.

ஒன்றும் கேட்கவில்லை.

இன்னும் ஆரம்பிக்கவில்லையோ என்று நினைத்தான். பிறகு பாதத்தில் ஏதோ உணர்ந்தான். பீப்பாய் அதிர்ந்துகொண்டிருந்தது. உள்ளே ஆசான் சொல்லிக்கொண்டிருந்தார். வெளியே வண்டுக் குடைச்சல் அளவுக்குக்கூட வரவில்லை.

எங்கே முடிகிறது என்று எப்படித் தெரியும்? அவன் பலகையில் உள்ளங்கையை வைத்தான். போதவில்லை. குனிந்து காதை வைத்தான்.

அப்பாவின் வார்த்தைகள். பாதி எபிரேயம், பாதி போர்த்துகீசு. மரத்துக்குள்ளிருந்து, வெகு தொலைவிலிருந்து வந்தன. இத்தனை வருஷத்தில் அவன் அவற்றை வெளியிலிருந்து கேட்டதே இல்லை.

அதிர்வு நின்றது.

"ஆமென்," என்றான். எப்போதும் சொல்வது போல.

பீப்பாய் சும்மா இருந்தது.

"ஆமென்."

உள்ளிருந்து தட்டும் ஓசை. காதை வைத்தான். "கேட்கலை," என்றது குரல்.

துவார்த்தே சுற்றுமுற்றும் பார்த்தான். சாதாரணமாய்ப் பேசுகிற குரலில் சொன்னான். அவனுக்கு அதுவே பெரிய குரல்.

"கேட்கலை."

அவன் மறுபடியும் நிமிர்ந்தபோது, தெருவின் எதிர்ப்பக்கத்தில் கஸ்பார் நின்றுகொண்டிருந்தான்.

*

கஸ்பார் நிதானமாகத் தெருவைக் கடந்து வந்தான். வணக்கம் சொன்னான். பீப்பாயைச் சுற்றி ஒரு முறை நடந்தான். வளையத்தின் விளிம்பை விரலால் தடவினான்.

"அழகான வேலை," என்றான். "வளையத்தை இப்படி அடிச்சு மடக்கற ஆள் கொச்சியிலே கிடையாது. எங்கேருந்து வாங்கினீங்க?"

துவார்த்தே வாயைத் திறக்கவில்லை.

"ஊமையா?"

துவார்த்தே தலையை ஆட்டினான். ஆமென்றும் இல்லை, இல்லையென்றும் இல்லை.

பீப்பாய்க்குள்ளிருந்து தட்டும் ஓசை வந்தது. கஸ்பார் புருவத்தை உயர்த்தி, குனிந்து பலகையில் காதை வைத்தான்.

"கேட்கலை," என்றது உள்ளே ஒரு குரல். "நான் காத்துக்கிட்டிருக்கேன்."

ஆசானுக்கு வெளியே யார் நிற்கிறார்கள் என்று தெரியாது. தெரிவிக்கவும் வழியில்லை.

"உன் பீப்பாய் உன்கிட்ட என்னமோ கேட்குதே," என்றான் கஸ்பார். நிமிர்ந்து மெல்லச் சிரித்தான். "பதில் சொல்லேன். நானும் கேட்கிறேன்."

துவார்த்தே பக்கவாட்டில் பார்த்தான். ஓடலாம். இரண்டு வீடு தள்ளி ஒரு சந்து இருந்தது. ஊமையாகவே நிற்கலாம். ஆசான் கால் மரத்துப்போய் எப்போதாவது தாமாக எழுந்து வருவார்.

அவன் கை இன்னும் பலகையின்மேல் இருந்தது.

வாசலில் நின்றபடி தெருவைப் பார்த்தான். எதிரே கஸ்பாரின் தோளுக்குப் பின்னால் ஜன்னல் திறந்திருந்தது. கோவாவில் பட்டறை வாசலில் நின்றாலும் அப்படித்தான். எதிர்வீட்டு ஜன்னல் நேர் எதிரே. அதில் அந்தப் பெண் கூந்தல் உலர்த்துவாள், பருப்புப் பொறுக்குவாள், தெருவைப் பார்ப்பாள். வாசலில் நிற்கிற எவருக்கும் அவள் தெரியாமல் இருக்க முடியாது.

"கேட்கலை," என்று தட்டியது பீப்பாய்.

துவார்த்தே மூச்சை இழுத்தான்.

"ஆமென்!"

மாடிப் புறாக்கள் எழுந்து பறந்தன. மண்டிக்காரர் வெளியே ஓடி வந்தார். ஜெப ஆலயத்தின் சுவரில் மோதி அந்தக் குரல் திரும்பி வந்தது. கோவாக்காரனின் குரல்.

கஸ்பார் ஓர் அடி பின்னால் நகர்ந்திருந்தான்.

துவார்த்தே குனிந்து பலகையில் காதை வைத்தான்.

பிறகு பீப்பாய்க்குள்ளிருந்து ஆசான் சொன்னார்:

"இப்பத்தான் சின்னதா ஒண்ணு காதிலே விழுந்தது."

துவார்த்தே அப்படியே தரையில் உட்கார்ந்தான். இரண்டு கைகளாலும் பீப்பாயைக் கட்டிக்கொண்டு நெற்றியை அதன்மேல் வைத்தான்.

"ஒவ்வொரு வாரமுமா," என்றான். "ஒவ்வொரு வாரமுமா இப்படிக் கத்தினே, பெண்ணே."

சாக்கு விலகியது. ஆசான் வேர்த்த தலையோடு எழுந்தார். முதலில் துவார்த்தேயைப் பார்த்தார். பிறகு கஸ்பாரைப் பார்த்தார். அவர் முகத்திலிருந்த நிறம் இறங்கிப் போயிற்று.

கஸ்பார் தொப்பியைக் கழற்றி இருவருக்கும் பொதுவாக ஒரு வணக்கம் வைத்தான்.

"இந்தத் தெரு ரொம்பச் சின்னது, துவார்த்தே," என்றான். பெயரை யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. "கோடி வரைக்கும் நடந்துட்டுத் திரும்பிடு. அதுக்கு மேலே வராதே."

கோட்டைப் பக்கமாக நடந்து போனான்.

*

அன்று மாலை ஜெப ஆலயம் நிறைந்திருந்தது. செய்தி எல்லோருக்கும் தெரிந்திருந்தது. யாரும் சத்தமாகப் பேசவில்லை. பின்வரிசைக்காரர்கள்கூட வாயை மூடிக்கொண்டிருந்தார்கள். பெண்கள் மாடத்தில் நவோமி முக்காட்டின் நுனியைக் கடித்தபடி நின்றாள்.

ஆசான் துவார்த்தேயின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"தெரிஞ்சு செய்யலை, அண்ணா," என்றார். அவனை அவர் அண்ணா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "அவன் வருவான்னு எனக்குத் தெரியாது. இனிமே நீங்க இந்தத் தெருவை விட்டு வெளியே போக முடியாது."

"தெரியும்."

"கடலைக்கூடப் பார்க்க முடியாது."

"தெரியும், ஆசானே."

விளக்குகள் எரிந்தன. பாட்டு முடிந்தது. ஓய்வு நாள் உள்ளே வந்துவிட்டது.

கதீஷின் நேரம் வந்தது.

தெருவில், கோட்டைப் பக்கத்திலிருந்து, ஜோடு போட்ட கால்களின் ஓசை கேட்டது. ஒரே ஆள் இல்லை, பல பேர். ஜெப ஆலயத்துக்கு எதிரே வந்து அந்த ஓசை நின்றது.

உள்ளே எல்லோரும் தெருப்பக்கத்து ஜன்னல்களைப் பார்த்தார்கள்.

வெறுங்கால்கள் தரையில் ஈரத் தடம் பதிக்க, துவார்த்தே எழுந்து நின்றான்.

ஆசானும் எழுந்தார். குனிந்தபடியே வேகமாகத் தெருப்பக்கத்துச் சுவருக்குப் போனார். முதல் ஜன்னலைச் சாத்தினார். இரண்டாவதன் கதவில் கையை வைத்தார்.

"திறந்தே இருக்கட்டும், ஆசானே," என்றான் துவார்த்தே.

அந்தக் குரல் கூடம் முழுக்கக் கேட்டது. ஆசான் திரும்பிப் பார்த்தார்.

"அவ வெளியேதான் நிக்கிறா."